நீர்ச் சிலந்திப்பேன்களின் உறவுமுறை: வளர்ந்த உடலை நம்புவதா, லார்வாவை நம்புவதா?

நீர்த்துளி எழுதியது:

குளத்து நீரை வலையில் வடித்துப் பார்ப்பவர்களுக்கு இந்த உயிர் பழக்கமானது. குண்டூசித் தலை அளவு, உருண்டை உடல், பல சமயம் செக்கச்செவேல் நிறம், எட்டுக் காலையும் அடித்துக்கொண்டு ஓயாமல் நீந்தும். நீர்ச் சிலந்திப்பேன், அதாவது நீர் மைட். இதுவரை பெயரிடப்பட்டவை மட்டும் 6,000 சிற்றினங்களுக்குக் குறையாது.

என் கேள்வி வகைப்பாடு பற்றியது. பழைய நூல்கள் இவற்றை ஹைட்ரகாரினா என்கின்றன. புதிய கட்டுரைகளில் ஹைட்ரக்னிடியா என்று வருகிறது. இரண்டும் ஒரே கூட்டமா? இவை எல்லாம் ஒரே மூதாதையின் வழிவந்தவையா, அல்லது தரையில் வாழ்ந்த வெவ்வேறு மைட்கள் வெவ்வேறு காலத்தில் தண்ணீரில் இறங்கி ஒரே சாயலுக்கு வந்துவிட்டனவா? தெரிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுதுங்கள்.

எண்காலி எழுதியது:

இரண்டும் ஒன்றல்ல. ஹைட்ரகாரினா என்ற பெயரின் கீழ் வைக்கப்பட்டவற்றுக்குள் பொதுவாக இருந்தது வாழிடம்தான். அதனால் கடல் மைட்களான ஹலகாரிடுகளையும் நன்னீர் மைட்களோடு சேர்த்துப் பேசும் வழக்கம் நெடுநாள் இருந்தது. ஹலகாரிடுகள் தனி வம்சம். அவை நீந்துவதில்லை, பாசி மீதும் மணல் மீதும் ஊர்கின்றன. அவற்றின் லார்வா ஒட்டுண்ணியாக வாழ்வதும் இல்லை. அவை கடலுக்குள் போன கதை வேறு, நாம் பேசும் கூட்டம் நன்னீருக்குள் போன கதை வேறு. பெரும்பாலும் மண்ணில் வாழும் ஒரிபாட்டிட் மைட்களில் ஹைட்ரோசீட்டஸ் போன்ற சில பேரினங்களும் நீரில் வாழ்கின்றன. அது இன்னொரு தனி நுழைவு. ஆக, மைட்கள் தண்ணீரில் இறங்கியது பலமுறை நடந்திருக்கிறது.

அப்படி இறங்கியவற்றில் ஒன்று மட்டும் அபாரமாகப் பெருகியது. அதுதான் ஹைட்ரக்னிடியா. அகாரிஃபார்மிஸ் என்ற பெரும்பிரிவு, அதற்குள் புரோஸ்டிக்மாட்டா, அதற்குள் பாரசிட்டெங்கோனா, அதற்குள் இது. மழைக்குப் பின் தரையில் ஊர்ந்து வரும் பட்டுப்போன்ற சிவப்புத் தம்பலப்பூச்சியும் பாரசிட்டெங்கோனாதான். குளத்தில் நீந்தும் சிவப்பு உருண்டைக்குத் தரையில் இருக்கும் நெருங்கிய சொந்தம் அதுவும் அதன் வகையறாவும்.

வரலாற்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். லின்னேயஸ் 1758-இல் மைட் என்று தோன்றியவற்றை எல்லாம் அகாரஸ் என்ற ஒரே பேரினத்தில் போட்டார். நீர் மைட்களைத் தனியாக எடுத்து, படம் வரைந்து, ஒவ்வொன்றாக விவரித்தவர் ஓட்டோ ஃபிரெடரிக் முல்லர். டென்மார்க்கின் சதுப்பு நீர்நிலைகளில் கிடைத்தவற்றைப் பற்றி 1781-இல் ஒரு தனி நூலே வெளியிட்டார். இந்தத் துறையின் தொடக்கம் என்று அதைத்தான் சொல்ல வேண்டும்.

வினவி எழுதியது:

வாழிடத்தை வைத்துச் சேர்க்கக்கூடாது என்பது சரி. அப்படியானால் பாரசிட்டெங்கோனா என்று எதை வைத்துச் சொல்கிறோம்? தம்பலப்பூச்சி மெத்தை போல மயிர் அடர்ந்தது. நீர் மைட் வழவழப்பானது. பார்வைக்கு நிறத்தைத் தவிர ஒற்றுமையே இல்லையே.

எண்காலி எழுதியது:

வாழ்க்கைச் சுற்றுதான் அடையாளம். இது கொஞ்சம் விசித்திரமானது, அதனால் பொறுமையாகச் சொல்கிறேன்.

முட்டைக்குள்ளேயே ஒரு முன்லார்வா நிலை கழிகிறது. பிறகு ஆறு கால் லார்வா வெளியே வருகிறது. அது ஒரு பூச்சியைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொண்டு அதன் உடல் திரவத்தைக் குடிக்கிறது. சில சிற்றினங்களில் குடித்துக் குடித்து உடல் பல மடங்கு ஊதிப்போகும். அப்புறம் முதல் நிம்ஃப், அதாவது இளம்பருவ நிலை. ஆனால் அது நடமாடுவதில்லை. தோலுக்குள் அசையாமல் கிடக்கிறது, பட்டாம்பூச்சியின் கூட்டுப்புழு போல. அதிலிருந்து எட்டுக் கால் கொண்ட இரண்டாம் நிம்ஃப் வருகிறது. இது வேட்டையாடி, நீரில் இருக்கும் சிற்றுயிர்களைப் பிடித்துத் தின்று வளர்கிறது. மூன்றாம் நிம்ஃப் மறுபடியும் அசையாத நிலை. அதிலிருந்து வளர்ந்த மைட்.

அசையும் நிலை ஒன்று, அசையா நிலை ஒன்று என்று மாறி மாறி வரும் இந்த முறையும், ஒட்டுண்ணி லார்வா பின்னாளில் வேட்டையாடியாக மாறுவதும் தம்பலப்பூச்சியிலும் அப்படியே இருக்கின்றன. நிறத்தை விட்டுவிடுங்கள், இந்த ஒழுங்கைப் பாருங்கள். இத்தனை சிக்கலான ஒரு வரிசை இரண்டு இடங்களில் தனித்தனியாகத் தோன்றியிருக்கும் என்று சொல்வது மிகவும் கடினம்.

லார்வாநேசன் எழுதியது:

எண்காலி சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். நான் அங்கிருந்து ஓர் அடி மேலே போகிறேன். நீர் மைட்கள் பாரசிட்டெங்கோனாவைச் சேர்ந்தவை என்று காட்டுவதோடு லார்வாவின் வேலை முடிவதில்லை. அவற்றுக்குள் யார் யாருக்கு நெருக்கம் என்பதற்கும் லார்வாதான் நல்ல சாட்சி. வளர்ந்த உடலை மட்டும் நம்பி வரைந்த உறவுமுறை நம்மைத் தப்பான பாதையில் இட்டுச் செல்லும்.

தண்ணீருக்குள் போனது முதலில் நிம்ஃபும் வளர்ந்த மைட்டும்தான். லார்வா நெடுங்காலம் தரைவாசியாகவே நின்றுவிட்டது. இன்றும் எய்லாயிஸ் பேரினத்தில் இதை நேரிலேயே பார்க்கலாம். தாய் நீருக்குள் முட்டையிடுகிறது. லார்வா பொரிந்ததும் நேராக மேலே வந்து நீர்ப்பரப்பின் மீது ஓடத் தொடங்குகிறது. காற்று வாங்க மேலே வரும் நீர்வண்டையோ நீர்ப்பூச்சியையோ பிடித்து ஏறிக்கொள்கிறது. ஏறியதும் அது இடம் பிடிப்பது இறக்கைக்கு அடியில், அந்தப் பூச்சி காற்றைச் சேமித்து வைத்திருக்கும் அறைக்குள். அதாவது தண்ணீருக்குள் முங்கிப் போகும் பூச்சியின் மேலும் அது காற்றிலேயே இருக்கிறது. ஹைட்ரிஃபான்டஸ் வகையறாவின் லார்வாவும் நீர்ப்பரப்பில்தான் ஓடுகிறது.

இதற்கு நேர்மாறானவை ஹைக்ரோபாட்டஸ், லெபர்டியா, அர்ரெனூரஸ் ஆகியவை சார்ந்த பெருங்குடும்பங்கள், அதாவது பல குடும்பங்கள் சேர்ந்த பிரிவுகள். இவற்றின் லார்வா தண்ணீருக்குள்ளேயே நீந்தியோ ஊர்ந்தோ போய், இன்னும் நீரில் இருக்கும் பூச்சியின் கூட்டுப்புழுவையோ கடைசிப் பருவ இளம்பூச்சியையோ கண்டுபிடிக்கிறது. ஆனால் உடனே குடிப்பதில்லை, காத்திருக்கிறது. பூச்சி தோலுரித்து இறக்கையோடு வெளியேறும் அந்தச் சிறிய இடைவெளியில் பழைய தோலிலிருந்து புதிய உடலுக்குத் தாவிவிடுகிறது. தும்பியின் மார்பின் அடிப்பக்கத்தில் சிவப்பு மணிகள் கோத்தது போல ஒட்டியிருப்பவை பெரும்பாலும் அர்ரெனூரஸ் லார்வாக்கள். அந்தத் தும்பி முட்டையிட நீருக்குத் திரும்பும்போது அவை இறங்கிக்கொள்கின்றன.

முதல் முறை பழையது, இரண்டாவது முறை பின்னால் வந்தது. வெறும் ஊகமாக இருந்த இந்த வரிசைக்கு 2016-இல் வலுவான துணை கிடைத்தது. மிரோஸ்லாவா டாபர்ட், ஹெதர் பிராக்டர், யாசெக் டாபர்ட் மூவரும் பல மரபணுக்களை வைத்து எல்லாப் பெருங்குடும்பங்களையும் சேர்த்து ஒரு வம்சமரம் கட்டினார்கள். அந்த மரத்தோடு மிக நன்றாக ஒத்துப்போனவை லார்வாவின் கால் அமைப்பும் அது இடம்பெயரும் விதமும்தான். எந்தப் பூச்சியைப் பிடிக்கிறது என்பது கூட அவ்வளவு ஒத்துவரவில்லை.

நீர்த்துளியின் முதல் கேள்விக்கும் அங்கேயே விடை உண்டு. நீர் மைட்கள் ஒரே மூதாதை வழிதான். சந்தேகத்தில் வைத்திருந்த ஹைட்ரோவோல்சியா கூட்டமும் உள்ளேதான் வருகிறது. ஸ்டைகோத்ரோம்பியா என்ற நிலத்தடி நீர்வாசிகள் பக்கத்தில் நிற்கின்றன, ஆனால் உள்ளே இல்லை.

தகடு எழுதியது:

லார்வாநேசனின் ஆர்வம் புரிகிறது. ஆனால் மேசை மீது நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களின் நிலையையும் பேச வேண்டும்.

வலையில் விழுவது வளர்ந்த மைட்டும் நிம்ஃபும்தான். பெரும்பாலான சிற்றினங்களுக்கு லார்வா எப்படி இருக்கும் என்பதே இதுவரை விவரிக்கப்படவில்லை. எழுதப்படாத ஏட்டை வைத்து எப்படி வகைப்படுத்துவது? டேவிட் குக் 1974-இல் உலகின் நீர் மைட் பேரினங்கள் அனைத்தையும் ஒரே தொகுப்பில் கொண்டுவந்தார். அதற்கு முன்பு, 1967-இல், இந்தியாவின் நீர் மைட்களுக்கென்றே தனியாக ஒரு பெரும்படைப்பு. இவை நின்றது வளர்ந்த உடலின் மீதுதான்: முதுகுத் தகடுகள் எத்தனை, வயிற்றுப்புறத்தில் கால்களின் அடித்தகடுகள் எப்படிச் சேர்ந்திருக்கின்றன, வாயருகே உள்ள சிறு துணையுறுப்பான பால்ப்பின் கணுக்கள் எப்படி, பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள வட்டுகள் எத்தனை இணை. அரை நூற்றாண்டு தாண்டியும் அவற்றைத்தான் புரட்டுகிறோம். பொய்யான அடையாளங்கள் இத்தனை காலம் தாக்குப்பிடிக்குமா?

லார்வாநேசன் சொல்லாமல் விட்ட ஒன்றையும் சொல்கிறேன். அதே 2016 ஆய்வில், வளர்ந்த உடலை வைத்து முன்னோர் பிரித்த பெருங்குடும்பங்களில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே உறுதிப்பட்டன. இது சின்ன விஷயம் அல்ல.

லார்வாநேசன் எழுதியது:

பெயர் கண்டுபிடிப்பது ஒரு வேலை, உறவு கண்டுபிடிப்பது வேறு வேலை. முதல் வேலைக்கு குக்கின் தொகுப்புக்கு இணை கிடையாது. எனக்கும் முதலில் கை போவது அதன் மீதுதான். நான் சொல்வது இரண்டாவது வேலையைப் பற்றி.

வளர்ந்த உடல் ஏன் ஏமாற்றுகிறது என்றால், அது வாழும் இடத்துக்குத் தகுந்தபடி வளைந்து கொடுக்கிறது. வேகமாக ஓடும் ஓடையில் வாழும் மைட்டைப் பாருங்கள். தட்டையான உடல், கெட்டியான தகடு, வலுவான நகங்கள். நீச்சல் மயிர் இருக்காது. தேங்கிய குளத்தில் இருப்பது உருண்டையாக, மென்மையாக, காலில் நீண்ட நீச்சல் மயிரோடு இருக்கும். ஆற்று மணலுக்கு அடியில் துகள்களின் இடுக்கில் வாழ்வது வெளிறிப்போய், கண் குன்றி, புழு மாதிரி நீண்டிருக்கும். இந்த மூன்று வடிவங்களும் வெவ்வேறு கிளைகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. வாண்டீசியாவும் ஸ்டைகோத்ரோம்பியமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சொந்தம் போலத் தோன்றும். இரண்டும் புழு போன்றவை, இரண்டும் மணல் இடுக்கில் வாழ்பவை. ஆனால் முதலாவது ஹைட்ரக்னிடியாவுக்குள் வரும் ஹைட்ரிஃபான்டிட் குடும்பம். இரண்டாவது ஹைட்ரக்னிடியாவுக்கே வெளியே நிற்கிறது.

உடலெங்கும் தகடு மூடுவது பலமுறை தோன்றியிருக்கிறது. பால்ப்பின் கடைசிக் கணு வளைந்து இடுக்கி போல மடிந்து இரையைக் கவ்வும் அமைப்பும் அப்படித்தான். ஆணும் பெண்ணும் உடல் சேர்ந்து கூடுவது கூட, விந்துப் பொட்டலத்தை அடியில் வைத்துவிட்டுப் போகும் பழைய முறையிலிருந்து பல கிளைகளில் தனித்தனியே வந்திருக்கிறது.

லார்வாவுக்கு இத்தனை சுதந்திரம் இல்லை. தாய் ஓடையில் இருந்தாலும் குளத்தில் இருந்தாலும் லார்வாவின் வேலை ஒன்றுதான்: பூச்சியைத் தேடு, ஏறு, ஒட்டு. வேலை மாறாததால் உருவமும் மெதுவாகவே மாறுகிறது.

வினவி எழுதியது:

அந்த உறுதிப்படாத ஒன்று எது? ஒரு பெருங்குடும்பம் உறுதிப்படவில்லை என்றால் அந்தப் பெயரை எடுத்துவிட வேண்டாமா?

எண்காலி எழுதியது:

ஹைட்ரிஃபான்டாய்டியா. அது ஒரு மூதாதையின் எல்லா வாரிசுகளையும் உள்ளடக்கிய கூட்டம் அல்ல. அந்த வம்சத்தில் சில கிளைகள் முன்னேறிப் போய் லெபர்டியாய்டியா, ஹைக்ரோபாட்டாய்டியா, அர்ரெனூராய்டியா போன்ற தனிப்பெயர்களைப் பெற்றுவிட்டன. பழைய சாயலோடு மிச்சமிருப்பவற்றை எல்லாம் ஒரே பெயரில் வைத்திருக்கிறோம்.

மேல்மட்டப் பிரிவு தெளிவாகவே இருக்கிறது. ஹைட்ரோவோல்சியாவும் எய்லாயிஸும் சார்ந்த இரண்டு பெருங்குடும்பங்கள் ஒரு பக்கம். மற்றவை எல்லாம் இன்னொரு பக்கம். அந்த மற்றவற்றுக்குள் லெபர்டியா, ஹைட்ரக்னா, ஹைக்ரோபாட்டஸ், அர்ரெனூரஸ் சார்ந்த நான்கும் சேர்ந்து ஓர் இளைய கிளை.

பெயரை இப்போதே எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. உடைத்தால் எந்தத் துண்டுக்கு எந்தப் பெயர் என்று உறுதியாகத் தெரிய வேண்டும். பாதி வழியில் உடைத்தால் பத்து ஆண்டுக்கு ஒருமுறை பெயர் மாறும், களத்தில் வேலை செய்பவர்கள்தான் திண்டாடுவார்கள்.

தகடு எழுதியது:

இந்த இடத்தில் எண்காலியோடு முழு உடன்பாடு.

லார்வாநேசனுக்கு ஒரு கேள்வி. லார்வா மெதுவாக மாறும் என்கிறீர்கள். ஆனால் ஒட்டுண்ணி வாழ்க்கையையே கைவிட்ட லார்வாக்கள் இருக்கின்றனவே? முட்டையில் கூடுதல் உணவோடு பொரிந்து, எந்தப் பூச்சியையும் தேடாமல் நேரே நிம்ஃப் ஆகிவிடுகின்றன. அதுவும் ஒரே கிளையில் அல்ல, பல கிளைகளில் தனித்தனியாக. அப்போது உங்கள் சாட்சி எங்கே நிற்கிறது?

லார்வாநேசன் எழுதியது:

நல்ல கேள்வி. அதற்கு ஹைக்ரோபாட்டஸ் நைக்ரோமாக்குலாட்டஸ் கதையைத்தான் சொல்ல வேண்டும். வளர்ந்த உடலை வைத்து அதை ஒரே சிற்றினம் என்று நெடுங்காலம் எண்ணினார்கள். ஏரியில் வாழ்வதும் ஓடையில் வாழ்வதும் ஒன்றே என்று. ஆனால் வாழ்க்கைச் சுற்றில் வேறுபாடு இருந்தது: ஒன்றில் லார்வா ஒட்டுண்ணி, மற்றதில் அந்த வழக்கம் போய்விட்டது. 2010-இல் மரபணுக்களை ஒப்பிட்டபோது இரண்டும் தனித்தனிச் சிற்றினங்கள் என்று தெரிந்தது. வளர்ந்த உடல் மறைத்ததை லார்வாவின் நடத்தை காட்டிக்கொடுத்தது. ஒட்டுண்ணி வாழ்க்கையைக் கைவிட்டபோதும் லார்வா பயனுள்ள செய்தியைத்தான் சொல்கிறது. ஆனால் அந்தச் செய்தி சிற்றினப் பிரிவுக்கு உதவும், பெரிய கிளைகளுக்கு உதவாது. பெரிய கிளைகளுக்குக் காலின் அமைப்பைப் பாருங்கள் என்பேன்.

பறக்கும் பூச்சி மீது ஏறாத லார்வா வேறொரு குளத்துக்குப் போக வழியில்லை. கூட்டங்கள் பிரிந்து நிற்கும், பிரிந்து நின்றால் வேறுபடும். ஒட்டுண்ணி வாழ்க்கையை விட்டது சிற்றினப் பிரிவுக்கே ஒரு காரணமாகலாம். இதை இன்னும் பலர் எடுத்து ஆராய வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

நீர்த்துளி எழுதியது:

நிறத்தைக் கேட்காமல் விட மனமில்லை. மீன் வாயில் போட்டதும் துப்பிவிடுகிறது என்று படித்திருக்கிறேன். மீனை எச்சரிக்கத்தான் சிவப்பு தோன்றியதா?

எண்காலி எழுதியது:

துப்புவது உண்மைதான், சோதனைகளிலேயே பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலான நீர் மைட்களின் தோலில் கிளாண்டுலேரியா என்ற சிறு சுரப்பிகள் உண்டு, ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு மயிர். பாதுகாப்புக்கு அவை பயன்படுகின்றன என்று கருதப்படுகிறது.

ஆனால் மீனால்தான் சிவப்பு வந்தது என்பது வேறு வாதம். பிராக்டரும் கார்காவும் 2004-இல் இதைச் சோதித்து எழுதினார்கள். மீனுக்கும் சிவப்புக்கும் எதிர்பார்த்த பொருத்தம் கிடைக்கவில்லை. தரையில் வாழும் பாரசிட்டெங்கோனாவிலேயே சிவப்பு பரவலாக இருக்கிறது. மீனைக் காணாத தம்பலப்பூச்சி ஏன் சிவப்பு என்று யோசித்தாலே போதும். நிறம் தரையிலிருந்து கொண்டுவந்த சொத்து. தண்ணீரில் அதற்குப் புதிய பயன் கிடைத்திருக்கலாம். ஓடையிலும் மணலுக்கு அடியிலும் வாழும் பல கிளைகள் அந்த நிறத்தை இழந்துவிட்டன.

வினவி எழுதியது:

ஓம்புயிரியை, அதாவது லார்வா ஒட்டி வாழும் பூச்சியை, வைத்து உறவு சொல்ல முடியாது என்றீர்களே, அது ஏன்? ஒரு வம்சம் ஒரு வகைப் பூச்சியையே பற்றிக்கொண்டு இருக்காதா?

லார்வாநேசன் எழுதியது:

இருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். நடப்பது வேறு. கொசு போன்ற கைரோனமிட் ஈக்களை மிகப் பல கிளைகள் பகிர்ந்துகொள்கின்றன. காரணம் எளிது: எல்லா நன்னீரிலும் அவை ஏராளம். கையருகே மலிவாகக் கிடைப்பதை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

மறுபுறம் தெர்மாகாரஸ் இருக்கிறது. வெந்நீர் ஊற்றுகளில் வாழ்வது. தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைப்பகுதியில் கண்டெடுக்கப்பட்ட தெர்மாகாரஸ் ஆண்டினஸ் சிற்றினத்தின் லார்வா ஒட்டுவது பூச்சி மீது அல்ல, தேரை மீது! பூச்சியை விட்டு முதுகெலும்புள்ள விலங்குக்கே தாவிய இந்த உதாரணத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. யூனியோனிகோலா இன்னொரு வழி. லார்வா கைரோனமிட் மீது ஒட்டுகிறது, ஆனால் வளர்ந்தவை நன்னீர் மட்டிகளுக்குள்ளோ பஞ்சுயிரிகளுக்குள்ளோ வாழ்கின்றன. ஒரு சிற்றினத்தில், ஒரு மட்டிக்குள் ஓர் ஆண் பல பெண்களோடு இருந்துகொண்டு வேறு ஆண் நுழையாமல் விரட்டுகிறது.

தகடு எழுதியது:

கடலுக்குத் திரும்பியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பான்டராக்னிடே குடும்பம், ஹலகாரிடுகளோடு குழப்ப வேண்டாம். இவை அசல் நீர் மைட்கள், நன்னீரிலிருந்து கடலுக்குப் போனவை. நன்னீர் மைட்களுக்கு இருக்கும் பிறப்புறுப்பு வட்டுகள் இவற்றில் இல்லை. அந்த வட்டுகள் உப்பு அயனிகளை நீரிலிருந்து ஈர்த்து உடல் திரவத்தைச் சமன்செய்ய உதவுகின்றன என்று கருதுகிறார்கள். உப்பு நிறைந்த கடலில் அவற்றுக்கு வேலை இல்லாமல் போனது அந்தக் கருத்துக்கு வலுச் சேர்க்கிறது. வளர்ந்த உடலிலும் படிக்க வேண்டியது நிறைய இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நீர்த்துளி எழுதியது:

காலம்? எப்போது நடந்தது இதெல்லாம்?

எண்காலி எழுதியது:

புதைபடிவம் மிகக் குறைவு, மென்மையான சிறு உடல். அகாரிஃபார்மிஸ் என்ற பெரும்பிரிவு பழையது: ஸ்காட்லாந்தின் ரைனி பாறைகளில் ஏறத்தாழ 41 கோடி ஆண்டுக்கு முந்தைய மைட்கள் கிடைத்திருக்கின்றன. ஆனால் அவை தரைவாசிகள். நீர் மைட்களின் லார்வாக்கள் பூச்சியோடு ஒட்டியபடி அம்பரில் (கல்லாகிப்போன மரப்பிசினில்) சிக்கியது சில இடங்களில் உண்டு, அவை மிகவும் பிந்தியவை. வம்சமரத்தின் அடிப்பகுதியில் கிளைகள் மிகக் குட்டையாக இருப்பதால், பிரிவுகள் சட்டென்று அடுத்தடுத்து நடந்திருக்க வேண்டும். எந்தத் தரைவாசி நீர் மைட்டுக்கு மிக நெருக்கம் என்று துல்லியமாகச் சொல்ல முடியாததற்கும் அதுவே காரணம்.

வினவி எழுதியது:

கடைசியாக ஒன்று. லார்வாக்கள் விவரிக்கப்படவில்லை என்று தகடு சொன்னார். எங்களைப் போன்றவர்கள் அதில் ஏதாவது செய்ய முடியுமா?

லார்வாநேசன் எழுதியது:

தாராளமாக. முட்டை நிறைந்த பெண் மைட் வயிறு பருத்துத் தெரியும். அதை எடுத்த இடத்து நீரோடு ஒரு சிறு குப்பியில் தனியாக வையுங்கள். பற்றிக்கொள்ள ஒரு சிறு இலைத்துண்டு அல்லது கல் போதும். வெயில் படாமல், எடுத்த இடத்தின் குளிர்ச்சி குறையாமல் இருக்க வேண்டும். முட்டையிட்டதும் தாயை வெளியே எடுத்துவிடுங்கள், பல சிற்றினங்கள் முட்டைகளையும் தின்னும். பொரிந்த லார்வா நீர்ப்பரப்பில் ஓடுகிறதா, அடியில் நீந்துகிறதா என்று முதலில் கவனித்து எழுதிக்கொள்ளுங்கள். பாதுகாத்த பிறகு அந்தச் செய்தி திரும்பக் கிடைக்காது.

தகடு எழுதியது:

பாதுகாக்கும் முறை பற்றி ஒரு குறிப்பு சேர்க்கிறேன். கிளிசரின், அசிட்டிக் அமிலம், தண்ணீர் கலந்த கோனிகே கரைசல் உடலை மென்மையாக வைத்திருக்கும், தகடுகளையும் பால்ப்பையும் பார்க்க அதுவே சிறந்தது. ஆனால் அமிலம் மரபணுவைக் கெடுத்துவிடும். அதனால் லார்வாக்களில் பாதியைக் கோனிகே கரைசலில் போடுங்கள், மீதியைச் செறிவான எத்தனாலில். தாயையும் எத்தனாலில் வைத்து, எல்லாக் குப்பிக்கும் ஒரே எண்ணைப் பென்சிலால் எழுதிய சீட்டை உள்ளே போடுங்கள். மை கரைந்துவிடும்.